புகாரைப் பதிவு செய்தால் போதுமா? ஆபத்தைக் கணிக்கக் கற்றுத்தருவது யார்?

புது தில்லி: 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் வரை, தில்லிப் பல்கலைக்கழகச் சட்ட மாணவி ஒருவர், தன்னைப் பின்தொடரும் இளைஞர் மீது காவல் நிலையங்களில் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தார். கார் செல்லும் வழியில் மறிப்பதாக ஒரு புகார்; வீட்டு வாசல் வரை வந்து தொல்லை தருவதாக மற்றொன்று; கல்லூரி வளாகத்தில் வழிமறித்ததாக வேறொன்று. காவல்துறை சும்மா இருந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இளைஞரை அழைத்து எச்சரித்தார்கள். 'இனி தொல்லை தரமாட்டேன்' என்று எழுதி வாங்கினார்கள். மாணவிக்குத் தனிப் பாதுகாவலர் ஒருவரையும் நியமித்தார்கள்.

1996 ஜனவரி 23 அன்று மாலை அந்தப் பாதுகாவலர் வசந்த் குஞ்சில் உள்ள வீட்டுக்கு வந்து அழைப்பு மணியை அழுத்தியபோது பதில் வரவில்லை. பிரியதர்ஷினி மட்டூ, வயது 25, உள்ளே கொலையுண்டு கிடந்தார்.

அந்த வழக்கின் பிற்பகுதியைத் தமிழக வாசகர்களும் அறிவார்கள். குற்றம்சாட்டப்பட்ட சந்தோஷ் குமார் சிங் ஒரு ஐ.பி.எஸ். அதிகாரியின் மகன். சி.பி.ஐ. விசாரித்த வழக்கில், குற்றம் செய்தவர் அவர்தான் என்று தமக்குத் தெரிந்தாலும் சான்றுகள் போதவில்லை என்று கூறி, 1999 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாடெங்கும் எழுந்த கொதிப்புக்குப் பின் 2006 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்து மரண தண்டனை விதித்தது. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

நீதிமன்றத்தில் நடந்தது குறித்து நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய 11 மாதங்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஒரு பெண் தன் மேல் விழப்போகும் அடியை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்துக் கொண்டே இருந்தார். அந்தத் தாள்களை அடுக்கி வைத்து, 'இந்த ஆள் அடுத்து என்ன செய்யக்கூடும்?' என்று கேட்கும் பயிற்சி அவற்றைக் கையில் வாங்கியவர்கள் யாருக்கும் தரப்பட்டிருக்கவில்லை.

புகாரில் இருந்த அறிகுறிகள்

எச்சரித்த பின்னும் நிறுத்தாதது முதல் அறிகுறி. தெருவில் தொடங்கிய தொல்லை வீட்டு வாசலுக்கு வந்தது இரண்டாவது. மூன்றாவது சற்று நுட்பமானது. மட்டூ ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கிறார் என்று அந்த இளைஞர் பல்கலைக்கழகத்திடம் புகார் கொடுத்தார். அதனால் மாணவியின் தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. இதைக் கல்லூரி விவகாரம் என்றோ, சட்ட நுணுக்கம் என்றோ எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால், பாதிக்கப்பட்டவர் மீதே அதிகார அமைப்புகளை ஏவி விடுவது, பின்தொடர்பவரின் ஆசை பகையாக மாறிவிட்டதற்கான அடையாளம் என்று இத்துறை வல்லுநர்கள் கூறுகின்றனர்.

பின்தொடர்வோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர் என்பதை ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் பால் முல்லனும் அவருடைய குழுவினரும் 1999-இல் விளக்கினர். உறவு முறிந்ததை ஏற்காதவர், கற்பனையான காதலில் வாழ்பவர், பழகத் தெரியாமல் தொல்லை தருபவர், வன்மம் தீர்க்க நினைப்பவர், தாக்கும் திட்டத்துடன் நோட்டமிடுபவர் என ஐந்து வகை. ஒருவருக்கு அதட்டல் போதும். மற்றொருவருக்கு மனநலச் சிகிச்சை வேண்டும். வேறொருவரைக் கூப்பிட்டு அதட்டினால் அதுவே அவரைத் தூண்டிவிடும். எல்லோரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது, காய்ச்சல் என்று வருபவர்களுக்கெல்லாம் ஒரே மாத்திரையைத் தருவதைப் போன்றது.

1995-இல் பின்தொடர்தல் என்பதே தனிக் குற்றமாகச் சட்டத்தில் இல்லை. மானபங்கம், அவமதிப்பு தொடர்பான பழைய பிரிவுகளைத்தான் காவல்துறை தேட வேண்டியிருந்தது. தில்லி பேருந்து பாலியல் கொடுமையைத் தொடர்ந்து 2012 டிசம்பரில் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு ஒரே மாதத்தில் அறிக்கை அளித்தது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-டி பிரிவைச் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு. முதல் முறை தண்டனை மூன்றாண்டு வரை. மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை. முதல் முறை குற்றம் ஜாமீனில் வெளிவரக்கூடியது. மசோதா நாடாளுமன்றத்துக்கு வரும் வழியில் நடந்த அரசியல் பேரத்தின் விளைவு அது. எந்தக் கட்டத்தில் ஆபத்து ஏறுகிறது என்று பாராமல், எத்தனையாவது முறை என்று மட்டும் எண்ணும் சட்டம் அப்படித்தான் அமையும்.

கழுத்தில் பட்ட கை

ஆபத்து மதிப்பீடு என்பது ஜோதிடம் அல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியத் துறைப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1985-இல் ஒரு வினாப் பட்டியலை உருவாக்கினார். கணவராலோ துணைவராலோ கொல்லப்பட்ட பெண்களின் வாழ்க்கையில் அதற்கு முன் என்னென்ன நடந்தது என்று தேடியதன் பயன் அது. பெண்ணின் கையில் ஒரு நாள்காட்டியைக் கொடுத்து, கடந்த ஓராண்டில் எந்தெந்த நாளில் அடி விழுந்தது, எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று குறிக்கச் சொல்வார்கள். பிறகு கேள்விகள். அடி கடுமையாகிக் கொண்டே போகிறதா? ஆயுதம் காட்டினாரா? வேலை இழந்தவரா? அண்மையில் நீங்கள் பிரிந்து வந்தீர்களா? முந்தைய உறவில் பிறந்த குழந்தை வீட்டில் உள்ளதா? பின்தொடர்ந்து வேவு பார்க்கிறாரா? கழுத்தை நெரித்தாரா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. முன்பு ஒரு முறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அதே நபரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கழுத்தை நெரிப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. கலிஃபோர்னியாவின் சான்டியாகோ நகரில் 300 வழக்குகளை ஆராய்ந்தபோது, பாதியில் வெளியே தெரியும் காயம் எதுவும் இல்லை. காயச் சான்றிதழைக் கேட்கும் காவல் நிலையத்தில், மிக ஆபத்தான தாக்குதல் 'சாதாரணத் தகராறு' ஆகிவிடுகிறது.

இது அயல்நாட்டு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. மும்பையை அடுத்த வசாய் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் 2020 நவம்பரில் அங்குள்ள காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் அளித்தார். உடன் வாழும் நபர் ஆறு மாதமாக அடிக்கிறார், அன்று மூச்சுத் திணறச் செய்து கொல்ல முயன்றார், வெட்டித் துண்டு துண்டாக வீசிவிடுவதாக மிரட்டுகிறார் என்பது அதன் சாரம். பிறகு தகராறு தீர்ந்துவிட்டதாக அவரே எழுதிக் கொடுக்க, புகார் முடித்து வைக்கப்பட்டது. 2022 மே மாதம் தில்லி மெஹ்ரௌலி பகுதியில் அதே நபர் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலைத் துண்டுகளாக்கியதாகக் காவல்துறையின் குற்றப்பத்திரிகை கூறுகிறது. சாகேத் நீதிமன்றம் 2023 மே மாதம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது.

புகாரைத் திரும்பப் பெற்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்றே நமது காவல் நிலையங்கள் கொள்கின்றன. பயிற்சி பெற்றவர் அப்படிக் கொள்ளமாட்டார். புகாரைத் திரும்பப் பெறும் பெண் அச்சத்தால் செய்கிறாரா, பணமில்லாமல் செய்கிறாரா, போக இடமின்றிச் செய்கிறாரா என்று தனியே அமர வைத்துக் கேட்பார். அந்தப் பெண்ணே தன் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடலாம் என்பதையும் அவர் அறிந்திருப்பார். கேம்ப்பெல் ஆய்வில், கொலை முயற்சியிலிருந்து தப்பிய பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர், அந்த ஆள் தம்மைக் கொல்லும் அளவுக்குப் போவார் என்று நினைத்ததே இல்லை.

சட்டத்தில் இருக்கிறது

இந்தியச் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்று எண்ணுவோருக்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. மட்டூ வழக்கில் உயர் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்மானித்த அதே 2006 அக்டோபர் மாதத்தில், 26-ஆம் தேதி, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளில் எட்டாவது, பாதுகாப்பு அலுவலரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. சூழ்நிலையில் உள்ள ஆபத்துகளை மதிப்பிட்டு, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் கலந்து, ஐந்தாம் படிவத்தில் 'பாதுகாப்புத் திட்டம்' தயாரிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எந்த வகை வன்முறை நடந்தது, அதன் விளைவு என்ன, இனி என்ன நடக்கும் என்று அப்பெண் அஞ்சுகிறார், அதைத் தடுக்க என்ன வேண்டும் என்று வரிசையாகக் கட்டங்கள் போட்டிருக்கிறது அந்தப் படிவம்.

ஆக, படிவம் இருக்கிறது. அதை நிரப்புபவர் எப்படி மதிப்பிட வேண்டும் என்பதற்கான அளவுகோலைத்தான் விதிகள் சொல்லவில்லை. சட்டத்தின் 11-ஆவது பிரிவு, காவல்துறையினருக்கும் நீதித்துறையினருக்கும் அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் விழிப்புணர்வு வேறு. மதிப்பிடும் திறன் வேறு. ஒரு நாள் கருத்தரங்கில் சட்டப் பிரிவுகளை வாசித்துக் காட்டி, மதிய உணவுக்குப் பின் சான்றிதழ் வழங்கினால் முன்னது முடிந்துவிடும். பின்னது அப்படி வராது. உண்மை வழக்குகளைக் கையில் கொடுத்து, இதில் எது அபாயம், ஏன் என்று விவாதிக்க வைத்து, தவறாகக் கணித்ததைத் திருத்தி, ஆறு மாதம் கழித்து மீண்டும் கூட்டினால்தான் வரும்.

அதற்கும் முன்னால் ஆள் வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் 'வீ தி விமன் ஆஃப் இந்தியா' அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2023 பிப்ரவரியில் தாக்கலான விவரங்களின்படி, 2022 ஜூலையில் இச்சட்டத்தின் கீழ் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன. பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டத்துக்கு ஒரே ஒரு பாதுகாப்பு அலுவலர். ஒருவர் தலையில் 500, 600 வழக்குகள் என்று நீதிபதிகளே கவலை தெரிவித்தனர். பல இடங்களில் வேறு பணியில் இருப்பவருக்கு இது கூடுதல் பொறுப்பு. 2025 மே மாதம் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் நியமிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகும் நியமனத்துக்கே நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது என்றால், பயிற்சி எந்த வரிசையில் நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில நல்ல முயற்சிகளும் இல்லாமல் இல்லை. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984-லேயே காவல்துறை வளாகத்துக்குள் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை அமர்த்தியது. அதே நகரின் பாந்த்ரா பாபா மருத்துவமனையில், 'திலாசா' மையத்தின் மூலம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வன்முறையின் அடையாளங்களைக் கண்டறியப் பயிற்சி தரப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து மத்திய மகளிர் அமைச்சகம் 2022 மார்ச்சில் தொடங்கிய 'ஸ்திரீ மனோரக்ஷா' திட்டம், 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களின் பணியாளர்களுக்கு மனநலப் பயிற்சி அளிப்பதற்கானது. தில்லியில் இந்தப் பணியைத் தொடங்கியவர்களுக்குப் பட்டயம் ஏதுமில்லை. வரதட்சிணைக் கொடுமையில் மகள்களைப் பறிகொடுத்த தாய்மார்களான சத்யராணி சத்தாவும் ஷாஜஹான் ஆபாவும் 1987-இல் 'சக்தி ஷாலினி' காப்பகத்தை நிறுவினார்கள். எந்த வாசலில் எந்தக் குறி தோன்றினால் பெண்ணை உடனே வெளியேற்ற வேண்டும் என்பதை அவர்கள் சொந்த இழப்பிலிருந்து அறிந்திருந்தார்கள்.

சமரசம் என்னும் பழக்கம்

பயிற்சிக்கு எதிரே நிற்கும் பெரிய தடை அறியாமை அல்ல, பழக்கம். தில்லி காவல்துறையில் 1983-இல் வரதட்சிணை தடுப்புப் பிரிவாகத் தொடங்கியது, பின்னர் நானக்புராவைத் தலைமையிடமாகக் கொண்டு பெண்களுக்கான சிறப்புப் பிரிவாக வளர்ந்தது. அங்கும், சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல் தொடங்கி தமிழகம் எங்கும் பரவிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களிலும், முதலில் நடப்பது இரு தரப்பையும் அழைத்துப் பேசுவதே. பல குடும்பங்கள் அதனால் பிழைத்திருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வைத்து 'என்னம்மா பிரச்னை?' என்று கேட்டால், பதில் எந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வரும்?

தில்லி புராரியில் 2016 செப்டம்பரில், பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள தெருவில் இளம் ஆசிரியை ஒருவரை நீண்டநாள் பின்தொடர்ந்த ஒருவர் இருபது முறைக்கு மேல் குத்திக் கொன்றார். முன்பே புகார் கொடுக்கப்பட்டு, இரு குடும்பங்களும் பேசி முடித்துக்கொண்ட விவகாரம் அது. சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் 2022 அக்டோபரில் கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டதும் முன்பே காவல் நிலையம் வரை சென்ற விவகாரம்தான். அந்த வழக்கில் 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, பெண்களுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, தொல்லை தருபவர் எந்த வழியிலும் பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க வழிசெய்தது. யாருக்கு அந்த ஆணை அவசரமாகத் தேவை என்று முடிவு செய்ய வேண்டியவர் மீண்டும் ஓர் அலுவலரே.

நீதித்துறையின் போக்கும் ஒரே திசையில் இல்லை. மனைவியைக் கொடுமைப்படுத்தும் 498-ஏ வழக்குகளில் இரண்டு மாதம் கைது உள்ளிட்ட நடவடிக்கை கூடாது, அதற்குள் குடும்ப நலக் குழு பேசிப் பார்க்க வேண்டும் என்று அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் வகுத்த வழிமுறைகளை, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பொய்ப் புகார்களால் முதிய மாமனார், மாமியார் சிறைக்குச் செல்வதைத் தடுப்பது அதன் நோக்கம். அந்தக் கவலை ஆதாரமற்றது அல்ல. கொலை முயற்சி போன்ற கடும் குற்றச்சாட்டு இருந்தால் விலக்கும் உண்டு. ஆனால் பெண் புகார் கொடுத்து வெளியேறிய முதல் வாரங்களே மிக ஆபத்தானவை என்பது உலகெங்கும் ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லும் உண்மை. காயம் தெரியாத கழுத்து, விலக்குக்குள் வராமலே போகலாம். முதல் நாளிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் ஆபத்தை மதிப்பிட்டிருந்தால், எந்த வழக்கு காத்திருக்கலாம், எது கூடாது என்று பிரிக்கவாவது முடியும்.

படிவம் மட்டும் போதாது

அயல்நாட்டுப் படிவங்களை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் பிழை. பிரிட்டன் காவல்துறை 2009 முதல் 27 கேள்விகள் கொண்ட 'டாஷ்' படிவத்தைப் பயன்படுத்தியது. 14 கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் அதிக ஆபத்து. வழக்கு பல துறையினர் கூடும் கூட்டத்துக்குச் செல்லும். 2003-இல் கார்டிஃப் நகரில் தொடங்கிய அக்கூட்டங்களில் காவலர், மருத்துவர், வீட்டுவசதி அலுவலர், குழந்தைகள் நல அலுவலர் எல்லோரும் ஒரே மேசையில் தகவல்களைப் பகிர்வார்கள். ஆயினும், அடுத்த வன்முறையை முன்கூட்டிச் சொல்வதில் அந்தப் படிவம் மிகப் பலவீனமாக இருப்பதாக 2019-இல் அந்நாட்டு ஆய்வாளர்களே தெரிவித்தனர். களத்தில் காவலர் அவசரமாகக் கட்டங்களில் குறியிட்டு எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறார். எண்ணிக்கை குறைவு என்றால் மனம் நிம்மதியடைந்துவிடுகிறது. கழுத்தை நெரித்தது என்ற ஒரே ஒரு 'ஆம்', மற்ற 13-ஐவிடக் கனமானதாக இருக்கலாம் என்பதைப் படிவம் சொல்லாது.

இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில அங்கு இருக்காது. வீட்டில் துப்பாக்கி உண்டா என்பதைவிட, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதாகவோ அமிலம் வீசுவதாகவோ மிரட்டினாரா என்பது இங்கே பொருந்தும். வரதட்சிணைப் பாக்கி, சாதி மறுத்த திருமணம், பிறந்த வீட்டின் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா - இவற்றைக் கேட்காத மதிப்பீடு இந்திய மதிப்பீடு ஆகாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறையைச் சந்தித்தவர்களில் உதவி நாடியவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதமே. அவர்களிலும் பெரும்பாலோர் நாடியது சொந்தக் குடும்பத்தை. எனவே காவல் நிலையப் படியேறும் பெண் பெரும்பாலும் முதல் அடிக்குப் பின் வந்தவர் அல்லர். எல்லா வாசல்களையும் தட்டிவிட்டு வந்தவர்.

மட்டூ வழக்குக்கு வருவோம். ஆயுள் கைதியான சந்தோஷ் குமார் சிங்கின் முன்விடுதலைக் கோரிக்கையை தண்டனை மறுஆய்வு வாரியம் 2021-இல் நிராகரித்திருந்தது. 2025 ஜூலை 1 அன்று தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி சஞ்சீவ் நரூலா அந்த முடிவை ரத்து செய்து, கோரிக்கையைப் புதிதாகப் பரிசீலிக்குமாறு வாரியத்துக்குத் திருப்பி அனுப்பினார். கைதி மீண்டும் குற்றம் செய்யக்கூடியவரா என்று தீர்மானிக்கும் வாரியத்தின் முன் முறையான உளவியல் மதிப்பீடு எதுவும் இல்லாததைச் சுட்டிக்காட்டிய நீதிபதி, தகுதி பெற்ற வல்லுநர்களைக் கொண்டு அதைச் செய்ய வேண்டும் என்றார். 1995-இல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த இளைஞரைக் குறித்து அந்தக் கேள்வி கேட்கப்பட, 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.